செயற்கைக்கோள் வழிகாட்டினாலும் விமானியின் கவனமே காவல்: 1990 பெங்களூரு விபத்து உணர்த்தும் பாடம்

பெங்களூரு: விமானங்களை ஓடுபாதைக்கு அழைத்து வருவதில் செயற்கைக்கோள்களின் பங்கு அதிகரித்துவரும் நிலையில், அச்சமிக்ஞை பொய்த்துப்போனால் விமானி என்ன செய்வார் என்ற கேள்வி முக்கியத்துவம் பெற்றுள்ளது. டெல்லி விமான நிலையத்தின் 10-ம் எண் ஓடுபாதையை ஜி.பி.எஸ். அடிப்படையிலான முறையில் நெருங்கிய சில விமானங்கள் போலிச் சமிக்ஞைகளை எதிர்கொண்டதாக மத்திய அரசு 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பெங்களூரு, சென்னை உள்ளிட்ட நகரங்களின் விமான நிலையங்களிலிருந்தும் இத்தகைய தகவல்கள் பதிவாகியுள்ளன.

செயற்கைக்கோள் முறையில், விமானம் செல்ல வேண்டிய பாதையும் இறங்க வேண்டிய உயரமும் கணினியில் முன்கூட்டியே பதிவு செய்யப்படுகின்றன. ஓடுபாதையின் அருகே விலையுயர்ந்த கருவிகளை நிறுவ வேண்டியதில்லை என்பதால், சிறிய விமான நிலையங்களுக்கு இது பெரும் வரப்பிரசாதம். இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கிய 'ககன்' அமைப்பின் கட்டுப்பாட்டு மையம் பெங்களூருவின் குந்தலஹள்ளியில் இயங்குகிறது. அதன் துணையுடன் 2022 ஏப்ரல் 28 அன்று இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ராஜஸ்தானின் கிஷன்கரில் தரையிறங்கியது.

கண்பார்வை முறையிலோ, ஓடுபாதையின் தோற்றத்தையும் அதன் அருகே ஒளிரும் விளக்குகளையும் கொண்டு விமானியே உயரத்தைக் கணிக்கிறார். நான்கு விளக்குகளில் இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரிந்தால் உயரம் சரி. நான்கும் சிவப்பானால் விமானம் மிகத் தாழ்ந்துவிட்டது என்று பொருள்.

இந்த இரு முறைகளுக்கும் இடையே நேரும் கவனச் சிதறல் எத்தகைய விளைவைத் தரும் என்பதைப் பெங்களூரு முன்பே கண்டுள்ளது. 1990 பிப்ரவரி 14 அன்று மும்பையிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் புத்தம்புதிய ஏ-320 விமானம், எச்.ஏ.எல். விமான நிலைய ஓடுபாதையைக் கண்ணால் கண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் தன்னியக்க அமைப்பு, எஞ்சின்களைக் குறைந்தபட்ச விசையில் வைத்து இறங்கும் நிலையில் இருந்தது. 132 நாட் இருக்க வேண்டிய வேகம் 106 நாட் வரை சரிந்தது. ஓடுபாதையை எட்டுமுன்னரே விமானம் கோல்ஃப் மைதானத்தில் மோதியது. விமானத்திலிருந்த 146 பேரில் 92 பேர் உயிரிழந்தனர். வானிலை தெளிவாகவே இருந்தது; ஓடுபாதையும் தெரிந்தது. வேகம் குறைவதை விமானிகள் உரிய நேரத்தில் உணர்ந்து செயல்படவில்லை என்பதே விசாரணையின் முடிவாகும்.

இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2013 ஜூலை 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஏசியானா நிறுவனத்தின் போயிங் 777 விமானமும் ஏறத்தாழ இதே விதத்தில் விபத்துக்குள்ளானது. இறங்கு கோணத்தைக் காட்டும் தரைக்கருவி அன்று செயல்பாட்டில் இல்லை. வேகத்தைத் தானியங்கி அமைப்பு பார்த்துக்கொள்ளும் என விமானிகள் நம்பினர், அது பார்த்துக்கொள்ளவில்லை. அவ்விபத்தில் மூவர் உயிரிழந்தனர்.

ஆகவே, செயற்கைக்கோளா, கண்பார்வையா என்பதல்ல இன்றைய கேள்வி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அந்தச் சில நொடிகளுக்கு விமானிகள் பழக்கப்பட்டுள்ளார்களா என்பதே கேள்வி. வழக்கமான விமானப் பயணங்களில் கைமுறையாக ஓட்டும் வாய்ப்பைப் பெருக்குமாறு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013 ஜனவரியிலேயே நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. கையால் ஓட்டும் திறன், பயன்படுத்தாவிடில் மங்கிவிடும் என்பதே அதன் அடிப்படை.

இறங்கும் வேளையில் ஜி.பி.எஸ். பொய்க்கும் சூழலையும், தானியங்கி அமைப்பு எதிர்பாராத நிலைக்கு மாறும் சூழலையும் சிமுலேட்டர் பயிற்சியில் ஒருசேர அளிப்பது இதற்கு உதவும். தரையிலுள்ள வானொலிக் கருவிகளின் அளவீட்டுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதும், ஐயம் எழுந்தால் தயங்காது மீண்டும் மேலெழும்புவதும் பழக்கமாக வேண்டும். மேலெழும்பிச் சுற்றிவந்து இறங்குவதால் சில நிமிடங்களும் சிறிது எரிபொருளும் செலவாகலாம். தயங்கினால் நேரக்கூடிய இழப்பு எத்தகையது என்பதற்கு 1990-ம் ஆண்டின் விபத்தே சான்று.