மேகத்துக்குள் மோதல்

வானம் கறுத்துத் திரண்டு வந்தும் ஒரு சொட்டுக்கூட விழாமல் கலைந்து போவதைக் கண்டு வயிறெரியாத குடியானவன் நம் தேசத்தில் இல்லை. "இவ்வளவு ஜலத்தையும் சுமந்துகொண்டு எங்கே போகிறது?" என்று அவன் கேட்கிறான். பௌதிக சாஸ்திரிகளும் இதே கேள்வியைத்தான் வெகுகாலமாகக் கேட்டு வருகிறார்கள்.

மேகம் என்பது ஓடும் காற்றில் மிதக்கின்ற நுண்துளிகளின் கூட்டம். சாதாரணத் துளி ஒன்றின் ஆரம் சுமார் 0.01 மில்லிமீட்டர். அது விநாடிக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் கீழே இறங்கும். மேலெழும் காற்று அதைச் சுலபமாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். மழைத்துளியின் ஆரமோ சுமார் 1 மில்லிமீட்டர். நேயர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: ஒரு மழைத்துளிக்கு 10 லட்சம் மேகத்துளிகள் ஒன்று சேர வேண்டும்!

நீராவி படிந்து துளி பருக்கும் என்பது உண்மையே. ஆனால் பருக்கப் பருக்க அந்த வளர்ச்சி மந்தமாகிறது. அப்புறம் மோதிச் சேர்ந்துதான் வளர வேண்டும். ஒரே அளவுள்ள துளிகள் ஒரே வேகத்தில் இறங்கும்போது ஒன்றை மற்றொன்று எட்டிப் பிடிப்பது எங்ஙனம்? பெரிய துளி சிறியதை நெருங்கினாலும், தேர் வரும்போது வீதியில் ஜனங்கள் விலகுவது போல, பெரியதைச் சுற்றி வளையும் காற்றோடு சிறியதும் விலகிவிடுகிறது.

இப்படிப் பார்த்தால் மழைக்கு நெடுநேரம் ஆக வேண்டும். உண்மையிலோ, சில மேகங்கள் அரைமணி நேரத்திலேயே பொழிந்துவிடுகின்றன. இதற்குக் காற்றின் கொந்தளிப்பு காரணமாயிருக்கலாம் என்று கருதி ஸாப்மன், டர்னர் என்னும் இருவர் 1956-ல் கணக்கிட்டார்கள். அடுத்தடுத்துள்ள துளிகளைச் சிறு சுழல்கள் வெவ்வேறு வேகத்தில் தள்ளி மோதச் செய்கின்றன. 1987-ல் மாக்ஸி என்பவர் மற்றொரு விநோதத்தை விளக்கினார். காற்றினும் கனமான துளி, சுழலோடு வளைய மாட்டாமல் வெளியே எறியப்படுகிறது. ஆகவே சுழல்களுக்கு இடைப்பட்ட பிரதேசங்களில் துளிகள் வந்து குவிகின்றன. கூட்டம் நெருங்கினால் மோதலுக்குக் கேட்பானேன்! எல்லாத் துளிகளும் மோத வேண்டியதுமில்லை. பல லட்சத்தில் ஒன்று முந்திக்கொண்டால் போதும். மற்றவற்றை அதுவே விழுங்கிக்கொண்டு இறங்கும்.

நமக்குக் கவலை தரும் விஷயம் புகை. நகரத்துப் புகையும் வைக்கோல் எரிக்கும் புகையும் மேகத்தில் ஏறினால், இருக்கிற ஜலம் எண்ணற்ற தூசுகளுக்குப் பங்கிடப்பட்டு, எல்லாத் துளிகளும் மிகச் சிறியனவாய், ஏறக்குறைய ஒரே அளவினவாய் நின்றுவிடுகின்றன. மோதல் குறைகிறது, மழை தாமதிக்கிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் 2009 முதல் விமானத்தில் கருவிகளை ஏற்றி மேகத்துக்குள்ளேயே சென்று இத்துளிகளை அளந்திருக்கிறார்கள்.

செயற்கை மழை என்று கொட்டி முழக்குகிறவர்கள் மேகமில்லாத வானத்தில் எந்தத் தூளாலும் பயனில்லை என்பதை ஏனோ சொல்வதில்லை. புனே நிலையத்தார் 2018, 2019-ம் வருஷங்களில் சோலாப்பூர்ப் பக்கம் உப்புத் துகள்களைத் தூவிப் பரீட்சித்ததும், மேகம் வந்து நின்ற நாட்களில்தான்.