முத்துப்பிள்ளை கர்ப்பம்... அந்த எண் இறங்கும்வரை டெஸ்ட்டை நிறுத்தாதீர்கள்!

கர்ப்பம் உறுதியாகி இரண்டு, மூன்று மாதங்கள்தான் ஆகியிருக்கும். வாந்தி அளவுக்கு மீறி இருக்கும். லேசாக ரத்தக்கசிவும் தெரியும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் குழந்தையின் இதயத்துடிப்பு இருக்காது. கருப்பை முழுக்கத் திராட்சைக் கொத்துபோலச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் இருக்கும். இதைத்தான் நம் ஊரில் 'முத்துப்பிள்ளை கர்ப்பம்' என்கிறார்கள்.

கருப்பையைச் சுத்தம் செய்வதோடு பெரும்பாலானவர்களுக்கு இது முடிந்துவிடும். சிலருக்கு மட்டும், மிச்சமிருக்கும் திசு மறுபடி வளர ஆரம்பிக்கும். அது அரிய வகைக் கருப்பைப் புற்றுநோயாகவும் மாறலாம்.

நாவலூர் மாதிரியான ஓர் இடத்தில் இது நடப்பதாக நினைத்துப் பாருங்கள். ஓ.எம்.ஆர். அடுக்ககங்களில் பலர், வேலைக்காக வெளியூரிலிருந்து வந்த இளம் தம்பதிகள். அம்மா மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருப்பார். மூன்று மாதம் முடியட்டும் என்று ஆபீஸில் கர்ப்பத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் இழப்பையும் சொல்ல முடியாது. "விடும்மா, அடுத்த வருஷம் நல்லபடியா தங்கும்" என்று போனில் ஆறுதல் வரும். ரத்தக்கசிவு நின்றுவிடும், வேலைக்கும் திரும்பியாகிவிடும். 'இந்த வாரம் ப்ராஜெக்ட் ரிலீஸ், அடுத்த வாரம் ரத்தம் கொடுத்துக்கலாம்' என்று டெஸ்ட் தள்ளிப்போகும்.

ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

யார் மேலும் தப்பில்லை

முழுமையான முத்துப்பிள்ளையில், தாயின் மரபணுக்கள் இல்லாத கருமுட்டையில் தந்தையின் மரபணுக்கள் மட்டுமே சேர்கின்றன. அதனால் குழந்தை உருவாகாது. நஞ்சுக்கொடியாக வேண்டிய திசு மட்டும் கட்டுப்பாடில்லாமல் வளரும். டூவீலரில் போனதாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ, நைட் ஷிஃப்ட் பார்த்ததாலோ இது வருவதில்லை. இதை வீட்டுப் பெரியவர்களுக்கும் சேர்த்தே டாக்டரைச் சொல்லச் சொல்வது நல்லது.

முழுமையான முத்துப்பிள்ளை வந்தவர்களில் 100-க்கு 15 முதல் 20 பேருக்குத் திசு மீண்டும் வளர்ந்து, கீமோ சிகிச்சை தேவைப்படுகிறது. இந்த நோய்க் குடும்பத்தில் தீவிரமானது 'கோரியோகார்சினோமா'. சீக்கிரமே ரத்தத்தில் கலந்து நுரையீரல், கல்லீரல், மூளைவரை போகக்கூடியது. முத்துப்பிள்ளைக்குப் பிறகு மட்டுமல்ல, கருச்சிதைவுக்குப் பிறகும், அபூர்வமாக சுகப்பிரசவத்துக்குப் பிறகும்கூட வரலாம்.

இவ்வளவு தீவிரமான நோய்தான், கீமோவால் குணமாகும் புற்றுநோய்களின் வரிசையில் முன்னணியில் இருக்கிறது. அந்தக் கதையின் ஒரு நுனி சென்னையில் இருக்கிறது.

மெட்ராஸ் மாணவரும் சீன டாக்டரும்

ஆந்திராவின் பீமாவரத்தில் 1895-ல் பிறந்த எல்லாப்ரகடா சுப்பாராவ், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பிறகு அமெரிக்கா போய், லெடர்லி நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கிய அவருடைய குழு, அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் உருவாக்கியது. வேகமாகப் பெருகும் செல்களுக்கு ஃபோலிக் அமிலம் அவசியம். அதைத் தடுத்தால் புற்றுநோய் செல்கள் பெருக முடியாது. அப்படி வந்த மருந்துதான் மெத்தோட்ரெக்ஸேட். சுப்பாராவ் 1948-ல், 53 வயதில் இறந்துவிட்டார்.

எட்டு வருடங்கள் கழித்து, 1956-ல், அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் என்ற இரு டாக்டர்கள் இந்த மருந்தைக் கோரியோகார்சினோமாவுக்குக் கொடுத்தார்கள். நுரையீரல்வரை பரவியிருந்த கட்டிகள் எக்ஸ்ரேயில் மறைந்தன. உறுப்பில் வளரும் கட்டி கீமோவால் மட்டுமே குணமானது அதுவே முதல் முறை.

லி அதோடு நிறுத்தவில்லை. இந்த நோயில் திசு இருக்கும்வரை, ரத்தத்தில் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் இருக்கும். கர்ப்பப் பரிசோதனையில் பார்ப்பதும் இதே ஹார்மோனைத்தான். கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் ரத்தத்தில் அந்த ஹார்மோன் கொஞ்சம் மிச்சமிருந்தது. அது முழுதாக இறங்கும்வரை லி மருந்தைத் தொடர்ந்தார். தேவையில்லாமல் விஷத்தைக் கொடுக்கிறார் என்று அவரை வேலையை விட்டே அனுப்பினார்கள். ஆனால், சிகிச்சையைச் சீக்கிரம் நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது. லி சொன்னதே சரி என்று ஆனது. 1972-ல் லாஸ்கர் விருது பெற்றவர்களில் லி, ஹெர்ட்ஸ் இருவரும் இருந்தார்கள்.

இன்று டாக்டர்கள் பீட்டா ஹெச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனையை விடாமல் எடுக்கச் சொல்வதன் பின்னணி இதுதான். உடம்பு நன்றாக இருப்பதுபோலத் தோன்றலாம். அந்த எண் இறங்கினால்தான் நம்ப வேண்டும்.

சிகிச்சை எப்படி இருக்கும்?

சுத்தம் செய்த பிறகு, ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை இருக்கும். எண் இயல்பு நிலைக்கு வந்த பிறகும், டாக்டர் சொல்லும் காலம்வரை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். முழுமையான முத்துப்பிள்ளைக்கு இது பொதுவாக ஆறு மாதம். அதுவரை அடுத்த கர்ப்பம் கூடாது. புதிய கர்ப்பம் வந்தால் அதனாலும் ஹெச்.சி.ஜி. ஏறும், நோயா கர்ப்பமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எண் இறங்காமல் நின்றாலோ, ஏறினாலோ, வயது, பரவல், ஹார்மோன் அளவு போன்றவற்றை வைத்து மதிப்பெண் போடுவார்கள். 6 வரை குறைந்த ஆபத்து. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற ஒரே மருந்தில் சிகிச்சை ஆரம்பிக்கும். இந்தப் பிரிவில் கிட்டத்தட்ட எல்லோருமே குணமாகிறார்கள். மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் என்றால் பெரும்பாலும் முடி கொட்டுவதில்லை, வாய்ப்புண்தான் தொல்லை தரும். 7 அல்லது அதற்கு மேல் போனால் பல மருந்துகள் சேர்ந்த கீமோ. அதில் முடி கொட்டும், சோர்வும் அதிகம். ஆனால், அங்கும் பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள். பலருக்குக் கருப்பையை எடுக்கவே தேவைப்படுவதில்லை.

மனசை எப்படித் தேற்றுவது?

இதில் துக்கம் இரண்டு. குழந்தை இல்லை என்று அழுது முடிப்பதற்குள் 'புற்றுநோய்' என்ற வார்த்தை வந்துவிடும். இரண்டையும் ஒரே நாளில் தாங்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு சின்ன நோட்டில் தேதியையும் எண்ணையும் எழுதிவையுங்கள். ஆயிரக்கணக்கிலிருந்து நூறாக, பத்தாக அது இறங்குவதைப் பார்க்கும்போது, பயத்துக்கு நடுவே பிடித்துக்கொள்ள ஒன்று கிடைக்கும்.

கீமோ முடிந்ததும் பொதுவாக ஒரு வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். அந்த ஒரு வருடம் முழுக்க, கல்யாண வீட்டில், காதுகுத்தில், "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பைக் கணவர் எடுத்துக்கொள்வது பெரிய உதவி. "டாக்டர் ஒரு வருஷம் கழிச்சுத்தான் சொல்லியிருக்காங்க அத்தை" என்று அவர் சொல்லிவிட்டால், பேச்சு அங்கேயே முடியும்.

அடுத்த கர்ப்பத்தில் முத்துப்பிள்ளை மறுபடி வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று, இரண்டு அளவுதான். ஆரம்பத்திலேயே ஸ்கேன் பார்த்துக்கொண்டால் போதும். பிரசவத்துக்குப் பிறகு ஒருமுறை ஹெச்.சி.ஜி. பார்க்கச் சொல்வார்கள்.

எங்கே போவது?

நாவலூரிலிருந்து ஓ.எம்.ஆரில் நேராகப் போனால் மத்திய கைலாஷ். அதை ஒட்டிய சர்தார் படேல் சாலையில் இருக்கிறது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் வளாகம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையும் இருக்கின்றன. மனம் தாங்கவில்லை என்றால் 104 அல்லது 14416 எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

பிரசவத்துக்கோ கருச்சிதைவுக்கோ பிறகு ரத்தப்போக்கு நிற்காமல் இருந்தாலோ, இருமலில் ரத்தம், மூச்சுத்திணறல், கடும் தலைவலி, வலிப்பு வந்தாலோ, அன்றே டாக்டரைப் பாருங்கள். முத்துப்பிள்ளை வந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு இப்போதே போனில் அலாரம் வைத்துவிடுங்கள். ப்ராஜெக்ட் ரிலீஸை ஒருநாள் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போட வேண்டாம்!