சிறைக் கணக்கில் வரவு எங்கே?

பொங்கோலில் ரயிலேறி லிட்டில் இந்தியாவில் இறங்கிக் காய்கறி வாங்கும் நம்மவரில் எத்தனை பேர், அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள பிராஸ் பசா சாலையில் ஒருகாலத்தில் இந்தியக் கைதிகளின் பெருஞ்சிறை இருந்ததென்பதை அறிவர்? 1825-ம் வருஷம் தொடங்கி 1873 வரையில் இச்சிங்கை, இந்திய மாகாணங்களின் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கும் துறையாயிருந்தது. ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானா மாளிகையும் அவர்கள் கைவேலையே. தேவாலயச் சுவர்ச் சாந்தில் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சிப்பிச் சுண்ணாம்பும் சேர்த்ததைச் சொல்லி வியக்கும் கனவான்கள், அக்கைதிகளை ஆண்ட முறையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

அம்முறை யாது? கைதிகள் ஆறு வகுப்பாகப் பிரிக்கப்பட்டனர். அபாயமானவன் விலங்கோடு வேலை செய்தான். நன்னடத்தை காட்டக் காட்ட விலங்கு கழன்றது, வகுப்பு உயர்ந்தது. மேல் வகுப்பினரே மற்றக் கைதிகளுக்கு வார்டர்களாயினர். முதல் வகுப்பை எட்டியவன் ‘டிக்கட் ஆப் லீவ்’ என்னும் அனுமதிச் சீட்டைப் பெற்றுச் சிறைக்கு வெளியே குடியிருந்து சொந்தப் பிழைப்பு நடத்தலாம். ஆயுள் தண்டனை பெற்று வந்தவனுக்கும் இவ்வழி அடைபடவில்லை. சிறையை நடத்திய மக்நேர் துரை 1899-ல் வெளியிட்ட நூலுக்கு, ‘தமக்குத் தாமே காவலரான கைதிகள்’ என்று பொருள்படவே பெயரிட்டார்.

கூலியின்றி உழைப்பை உறிஞ்சிய வெள்ளையர் ஆட்சியைப் புகழ நாம் முன்வரவில்லை. ஆயினும், திருந்தினவனைப் பூட்டி வைப்பது நஷ்டமென்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தோட்டத்தில் செக்ரோல் எழுதும் எமக்கும் அது விளங்கும். செக்ரோலில் பேர் விழுந்தவன் சம்பாதிக்கிறான். சிறைப் புத்தகத்தில் பேர் விழுந்தவனோ சர்க்காரின் செலவுப் பக்கத்தில் நிற்கிறான். அவன் வீட்டிலும் அன்றே வாடகைக்கும் பள்ளிக்கூடத்திற்கும் கடன் தொடங்குகிறது.

இன்றைய சட்டத்தில் வருஷம் குறித்த தண்டனைக்கு மூன்றிலொரு பங்கு கழிவு உண்டு. 2014 முதல் அக்கழிவு நிபந்தனையோடு கிடைக்கிறது. 2000-ல் வந்த வீட்டுக் காவல் திட்டமும் நல்லதே. 1998-ல் விடுதலையானோரில் 100-க்கு 44 பேர் இரண்டு வருஷத்திற்குள் மீண்டும் உள்ளே சென்றனர். சமீப வருஷங்களில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துள்ளது. வெளியே விட்டால் ஊர் கெடும் என்று கூவியவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வர்?

இவ்வளவு கண்டும் ஆயுள் கைதியிடத்தில் மாத்திரம் கதவு இறுகிக் கிடக்கிறது. முன்பு ஆயுள் என்றால் 20 வருஷமென்று கொண்டு, கழிவு போக 13 வருஷம் 4 மாதத்தில் விடுவித்தார்கள். 1997-ல் அப்பீல் கோர்ட், ஆயுளென்பது உயிருள்ள மட்டுமே என்று தீர்த்தது. இப்போது 20 வருஷம் கழிந்த பிறகே அவன் வழக்கை ஒரு சபை புரட்டிப் பார்க்கும். தகப்பன் உள்ளே போன வருஷம் பிறந்த பெண், தன் பள்ளிப் படிப்பையெல்லாம் முடித்துவிட்டுத்தான் அச்சபையின் முதல் முடிவைக் கேட்பாள்!

போதைப் பழக்கத்தாரின் நிலையைப் பாருங்கள். மீண்டும் மீண்டும் பிடிபட்டவனுக்குக் குறைந்தது 5 வருஷமும் 3 பிரம்படியும் என்று சட்டமே எழுதி வைத்தது. 2019-ல் சர்க்கார் மனமிரங்கி, வேறு குற்றமில்லாத பழக்கத்தானை மறுவாழ்வு நிலையத்திற்கு அனுப்பலாமென்று திருத்திற்று. நன்று. வேறொரு சிறு குற்றம் கூடச் சேர்ந்துவிட்டால் பழைய 5 வருஷம் திரும்ப வந்து நிற்கலாம். எதிரே நிற்கும் மனிதனைக் கண்ணால் கண்ட நீதிபதிக்குக் குறைக்கும் உரிமை இல்லையாம். அவனை ஒருநாளும் காணாத சட்டப் புத்தகத்திற்கு உண்டாம்! இது என்ன நியாயம்?

கொலையுண்டவனின் தாய்க்கு என்ன பதில் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதே. பரிசீலனையென்பது விடுதலையன்று. 10-வது வருஷத்தில் வழக்கைப் பார்க்கும் சபை, அபாயமானவனை மறுத்தனுப்பலாம். அத்தாயின் சொல்லையும் கேட்டுப் பதிவு செய்யலாம். பார்க்கவே மாட்டேனென்று 20 வருஷம் கண்ணை மூடிக்கொள்வதால் அவளுக்கு என்ன ஆறுதல் கிடைக்கிறது?

ஆகவே, ஆயுள் கைதியின் முதற் பரிசீலனை 10 வருஷத்தில் நடக்கட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். போதைப் பழக்கத்திற்கான குறைந்தபட்சத் தண்டனையை நீக்கி, நீதிபதியின் கையைச் சட்டசபை அவிழ்த்து விடட்டும்.