மணல் மூட்டையா நாம்?

“சேரிப் பசங்களுக்கு அடி தாங்குற உடம்புய்யா.” குத்துச்சண்டைப் பயிற்சி நடக்கிற இடங்களில் இந்த வார்த்தையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்கிறவர் பாராட்டுவதாகத்தான் நினைத்துக்கொள்கிறார். கேட்கிற பையனும் நெஞ்சை நிமிர்த்துகிறான். இதைவிட நயவஞ்சகமான பாராட்டு வேறு கிடையாது. அடி தாங்குகிற உடம்பு என்று எதுவும் பிறப்பில் வருவதில்லை. அடித்துக்கொண்டே இருந்தவன் ஒருவன் இருந்தான். திருப்பி அடித்தால் குடிசைக்கு நெருப்பு வரும் என்ற பயம் இருந்தது. அதனால் தாங்கினோம். சாதி செய்த காரியத்தை நம் எலும்பின் குணமாக எழுதிவைக்கிறார்கள். மலம் அள்ளுகிறவனுக்கு நாற்றம் தெரியாது என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொல்கிறது.

இந்தப் பொய் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிற இடம் ஸ்பாரிங்.

ஸ்பாரிங் போட்டி கிடையாது. அதில் வென்றவனும் இல்லை, தோற்றவனும் இல்லை. 3 நிமிடம் ஒரு ரவுண்டு, 1 நிமிடம் ஓய்வு. 1867-இல் வெளியான குயின்ஸ்பெர்ரி விதிகள் போட்ட கணக்கு. போட்டியில் 10 அவுன்ஸ் கிளவுஸ் போடுகிறவன் இங்கே 16 அவுன்ஸ் போடுகிறான். தலைக்குக் கவசம், பல்லுக்கு மவுத்பீஸ். எதற்கு இவ்வளவும்? இரண்டு பேரும் மறுநாளும் வந்து கற்க வேண்டும் என்பதற்கு.

நான் கற்கத் தொடங்கியது வடசென்னையில், இருபது வயதைத் தாண்டிய பிறகு. 3 மாதம் வாத்தியார் ரிங்குக்குள் விடவே இல்லை. கயிறு தாண்டு, காற்றில் குத்து, காலை மாற்று, மூட்டையைக் குத்து. மூட்டை முன்னால் எல்லாரும் முகமது அலிதான். எதிரே மனுஷன் வந்து நிற்கும்போதுதான் சங்கதி தெரியும். குத்து வருகிறபோது கண் தானாக மூடுகிறது. முகம் திரும்பிக்கொள்கிறது. ஒரு நிமிஷத்தில் கை இரும்பாகக் கனக்கிறது. தெம்பு இல்லாததால் அல்ல. பயத்தில் மூச்சைப் பிடித்துவைத்து உடம்பை இறுக்கிக்கொள்வதால்.

வாத்தியார் அதைப் படிப்படியாக அவிழ்த்தார். முதலில் சீனியர் மெதுவாக ஜாப் மட்டும் விடுவான். நான் தட்டிவிட வேண்டும், குத்தக் கூடாது. அடுத்து இருவரும் ஜாப் மட்டும். அடுத்து வயிறு, விலா மட்டும். முகத்தைத் தொடக் கூடாது. அப்புறம்தான் எல்லாம். “கண்ணத் தொறடா! கையப் பாக்காத, அவன் நெஞ்சப் பாரு. மூச்ச விட்டுக் குத்து.” சீனியர் கொஞ்சம் ஓங்கினால் அவனுக்குத்தான் திட்டு விழும்: “அவனே புதுசு. சொல்லிக் குடுக்க வந்தியா, ரோசம் காட்ட வந்தியா?” வலுத்தவன் தன் வலுவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இளைத்தவன் கற்று மேலே வர வேண்டும். ஊரில், தெருவில், வயலில் இப்படி ஒரு விதியை நான் கண்டதில்லை.

பின்னால் நகரத்தில் வேறொரு கிளப்புக்குப் போனேன். பெயர் வேண்டாம், ஒரு கிளப்போடு முடிகிற விஷயமில்லை இது. “ஃபீஸ் வேணாம், சும்மா வந்து நில்லு” என்றார்கள். செலக்‌ஷனுக்குத் தயாராகிற வசதியான வீட்டுப் பையன்களுக்கு முன்னால் நிற்க ஒரு உடம்பு தேவைப்பட்டது. அவன் முழு பலத்தோடு ரைட் விடலாம். நான் ஒரு ஜாப் முகத்தில் வைத்தால் “ஏய், ஓவராப் போற” என்று குரல் வரும். ஓய்வு நிமிடத்தில் அவனுக்கு பாட்டில், எனக்கு வெளியே குழாய். என் வியர்வை அவன் மேல் படலாம், என் மூக்கு ரத்தம் அவன் கிளவுஸில் படலாம். பாட்டிலில் மட்டும் என் வாய் படக் கூடாது. தலைவலி நிற்கவில்லை என்று சொன்னேன். “உனக்கென்னடா, நீ தாங்குவ.” கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தாங்குமா? தசை தடிக்கும், தோல் காய்க்கும், மூளை காய்க்காது. 1928-இலேயே அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட், குத்துச்சண்டைக்காரர்களின் தள்ளாட்டத்தையும் குழறலையும் மூளைக் காயம் என்று எழுதினார். பயிற்சிக்காக அமர்த்தப்பட்டு, ஒரே நாளில் பலமுறை விழுத்தப்படுகிற இரண்டாந்தர ஆட்டக்காரர்களிடம் இது சகஜம் என்பதையும் அவர் குறித்தார். அதாவது பெயர் தெரியாத ஸ்பாரிங் உடம்புகள்!

இது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. சாதிக்கு நிறம் எப்படியோ அப்படி அமெரிக்காவிலும் நடந்தது. கறுப்புச் சிறுவர்களின் கண்ணைக் கட்டி ரிங்குக்குள் மோதவிட்டு, வெள்ளையர்கள் சில்லறை வீசி ரசித்தார்கள். ஆனால் சாம்பியன் ஜான் சல்லிவன் கறுப்பரோடு மோத மாட்டேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். ஜிம் ஜெஃப்ரிஸ் தன் பட்டத்தைப் பணயம் வைத்துக் கறுப்பரோடு மோத மறுத்தார். அவருடைய பயிற்சி முகாமில் பாப் ஆம்ஸ்ட்ராங் என்ற கறுப்பர் ஸ்பாரிங்குக்கு இருந்தார். குத்திப் பழக உன் உடம்பு வேண்டும், எதிராளியாக நீ வேண்டாம்! 1908-இல் ஜாக் ஜான்சன் பட்டத்தைப் பிடித்தார். 1910-இல் ஓய்விலிருந்து திரும்பி வந்த ஜெஃப்ரிஸையும் வீழ்த்தினார். அன்று ஊர் ஊராகக் கறுப்பர்களைத் தாக்கினார்கள், கொன்றார்கள். நமக்குப் புரியாத கதையா இது?

ஸ்பாரிங் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் அதே வரலாற்றில் சாட்சி உண்டு. 1980-இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் முகமது அலி கண்காட்சி ஆட்டம் ஆடினார். எதிரே நின்ற ஜிம்மி எல்லிஸ், அலியின் ஊரான லூயிவில்லில் அவரோடு பழகி, பல காலம் அவருக்கு ஸ்பாரிங் தோழராக இருந்தவர். 1968-இல் தானும் ஒரு உலகப் பட்டம் வென்றவர். அதே 1980 அக்டோபரில் அலியைத் தோற்கடித்த லாரி ஹோம்ஸும் அலியிடம் ஸ்பாரிங் செய்து வளர்ந்தவர்தான். கற்றுக்கொள்ள இடம் கிடைத்தவன் சாம்பியன் ஆனான்.

சதுர்வர்ணம் ஆயுதத்தைப் பறித்ததால்தான் அடிமட்டத்தார் கலகம் செய்ய முடியாமல் போனார்கள் என்று 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் அம்பேத்கர் வாதிட்டார். ஆயுதம் மட்டுமா பறிபோனது? அடி வருகிறபோது கண்ணைத் திறந்து வைத்திருக்கிற பழக்கமும் பறிபோனது. 1990களில் ‘திருப்பி அடி’ என்ற முழக்கம் தமிழகச் சேரிகளை உலுக்கியது. அந்த முழக்கத்தை நெஞ்சில் ஏந்திய தோழர்களிடம் கேட்கிறேன்: திருப்பி அடிப்பதை யார், எங்கே, எத்தனை மாதம் சொல்லிக்கொடுத்தோம்? கோபம் ஒரு ரவுண்டுக்குத் தாங்காது. கோபத்தில் குத்துகிறவன் முதல் நிமிஷத்திலேயே மூச்சு வாங்கி நிற்கிறான். இது ரிங்குக்குள் நுழைந்த எவனுக்கும் தெரியும்.

“குத்துச்சண்டை வன்முறை, பையன்களைப் படிக்க வையுங்கள்” என்று புத்திமதி சொல்கிற கனவான்களுக்கு ஒரு வார்த்தை. படிப்போம், இதையும் படிப்போம். நிற்கிறவனை நிறுத்திவைத்து அடிப்பதுதான் வன்முறை. இருவரும் ஒரே எடையில், ஒரே விதியில் நிற்பது கல்வி. இன்னொரு பக்கம், 2021-இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ படத்தைப் பார்த்துவிட்டுப் பரம்பரைப் பெருமை பேசுகிற நம்மவர்களுக்கும் சொல்கிறேன்: நமக்கு வீரம் ரத்தத்தில் ஊறியது என்று நாமே பேசினால், “தாங்குற உடம்பு” என்று சொல்கிறவனுக்கே சாட்சி சொல்கிறோம். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. வாத்தியாரும் பயிற்சியும் உழைப்பும்தான் இருக்கின்றன.

நம் குடியிருப்புகளில் பயிற்சிக்கூடம் தொடங்குகிற மாணவத் தோழர்கள் சுவரில் இதை எழுதி வையுங்கள். புதுசா வந்தவனை முதல் நாளே ரிங்கில் இறக்காதே. எடை பார்த்து ஜோடி சேர். ஓங்கிக் குத்துகிற சீனியரை வெளியேற்று. தலையில் பட்டுக் கிறுகிறுத்தவனை அன்றைக்கு நிறுத்து, டாக்டரிடம் காட்டு, அவர் சொல்லும்வரை இறக்காதே. பெண்களுக்கும் அதே ரிங், அதே நேரம். தண்ணீர்ப் பானை ஒன்றுதான், டம்ளர் ஒன்றுதான்.

வேறு எங்காவது “சும்மா வந்து நில்லு” என்று எவனாவது கூப்பிட்டால், ஒரே கேள்வி கேளுங்கள்: “நான் திருப்பிக் குத்தலாமா?” கூடாது என்றால் அங்கே நிற்க மணல் மூட்டை போதும்.