முதலில் ஊகியுங்கள், பிறகு உருட்டுங்கள்!



இந்த வாரம் ஓர் ஓட்டப் பந்தயம். ஓடப் போவது நீங்கள் அல்ல, மூன்று பொருட்கள். முதலாவது, ஒரு கோலிக்குண்டு. இரண்டாவது, சுவர்க் கடிகாரத்தில் போடும் பேட்டரி. மூன்றாவது, ஒட்டும் டேப் தீர்ந்த பிறகு மிஞ்சும் அட்டை வளையம்.

ஒரு மீட்டர் நீளமுள்ள வழவழப்பான பலகையின் ஒரு முனையை இரண்டு, மூன்று புத்தகங்களின் மேல் வையுங்கள். மேல் பக்கத்தில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்னால் ஒரு ஸ்கேலைத் தடுப்பாகப் பிடியுங்கள். ஸ்கேலைச் சட்டென்று எடுத்தால் மூன்றும் ஒரே நேரத்தில் உருளத் தொடங்கும். முதலில் வருவது எது? கடைசியில் வருவது எது?

உடனே கீழே படித்துவிடாதீர்கள்! ஒரு தாளில் உங்கள் ஊகத்தை எழுதுங்கள். ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதிவிட்டீர்களா? "கனமானதுதான் முதலில் வரும்" என்று எழுதியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். சரி, இப்போது உருட்டிப் பாருங்கள். கோலிதான் முதலில் வரும். பேட்டரி கொஞ்சம் பின்தங்கி வரும். வளையம் கடைசி. கோலி ஒரு மீட்டரைக் கடக்கும் நேரத்தில் பேட்டரி ஏறக்குறைய 93 சென்டிமீட்டரும், வளையம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டரும்தான் வந்திருக்கும்.

கனம்தான் காரணமோ என்ற சந்தேகம் தீரவில்லையா? சின்னக் கோலியையும் பெரிய கோலியையும் சேர்த்து விடுங்கள். இரண்டும் ஒன்றாகவே வரும். எடை இரண்டு மடங்கானால் கீழே இறங்கும்போது கிடைக்கும் ஆற்றலும் இரண்டு மடங்காகிறது. ஆனால், அந்தப் பொருளை ஓட வைக்கத் தேவைப்படும் ஆற்றலும் இரண்டு மடங்காகிறது. சரிக்குச் சரி!

அப்படியானால் வளையம் ஏன் தோற்றது? உருளும் பொருளுக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, முன்னே போவது. மற்றொன்று, தன்னைத் தானே சுற்றுவது. மேலிருந்து இறங்கும்போது கிடைக்கும் ஆற்றலை ஒரு கைச்செலவுப் பணம் போல நினைத்துக்கொள்ளுங்கள். அதை இந்த இரண்டு வேலைகளுக்கும் பங்கு போட வேண்டும். சுற்றுவதற்கு அதிகம் செலவழித்தால், முன்னே போவதற்குக் குறைவாகத்தான் மிஞ்சும்.

நண்பர்கள் கைகோத்து வரிசையாக நின்று, ஒரு முனையில் இருப்பவரை மையமாக வைத்துச் சுற்றிப் பாருங்கள். மையத்தில் இருப்பவர் நின்ற இடத்திலேயே திரும்பினால் போதும். வெளி முனையில் இருப்பவரோ மூச்சிரைக்க ஓட வேண்டும். வளையத்தில் இருக்கும் எல்லாப் பொருளும் இப்படி வெளி முனையிலேயே இருக்கிறது. அதனால் அதைச் சுழற்றவே பாதி ஆற்றல் போய்விடுகிறது. பேட்டரி போன்ற உருளையில் 3 பங்கில் 1 பங்குதான் சுழற்சிக்குப் போகிறது. கெட்டியான உருண்டையில் நடுப் பகுதியிலேயே பொருள் நிறைய இருப்பதால், 7 பங்கில் 2 பங்கு மட்டுமே போகிறது. மேல் வகுப்புக்குப் போகும்போது இதை 'நிலைமத் திருப்புத்திறன்' என்ற பெயரில் படிப்பீர்கள். பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பொருள் மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் பரவியிருக்கிறது என்பதுதான் அதன் சாரம்.

சாய்வான பலகையில் உருண்டையை உருட்டியே உலகத்துக்குப் பாடம் சொன்னவர் இத்தாலி நாட்டு விஞ்ஞானி கலிலியோ. நீண்ட மரச் சட்டத்தில் பள்ளம் வெட்டி, அதில் வெண்கலக் குண்டை உருட்டினார். துல்லியமான கடிகாரம் அன்று கிடையாது. ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக விழும் தண்ணீரைப் பிடித்து, அதை எடை போட்டு நேரத்தைக் கணக்கிட்டார். நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகிறது என்று கண்டார். இதை நூறு முறை செய்து பார்த்ததாக 1638ல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார்.

அந்த நூலில் குண்டு சுழல்வதற்கான கணக்கு இல்லை. அதை 18ம் நூற்றாண்டில் ஆய்லர் போன்ற கணித மேதைகள் வகுத்துத் தந்தார்கள். அவ்வளவு பெரிய விஞ்ஞானி விட்டுவைத்ததைக்கூடப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடிக்க முடிந்தது. நீங்களும் பின்னால் வருபவர்கள்தானே!

செல்வங்களே, இயற்பியல் கணக்கு என்றதும் நம்மில் பலர் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய ஓடுகிறோம். கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் திகைத்து நிற்கிறோம். ஊகம் தவறாகிவிடுமோ, பக்கத்தில் இருப்பவர் சிரிப்பாரோ என்ற பயம்தான் இதற்குக் காரணம். பயந்து ஊகிக்காமல் இருப்பவருக்கு விடை கிடைக்கலாம். ஆனால், அந்த விடை ஏன் சரி என்பது தெரியாமலே போய்விடும்.

இனிமேல் உருளும் பொருள் பற்றிய கணக்கு வந்தால் இப்படிச் செய்யுங்கள். முதலில் படம் வரையுங்கள். எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது என்று பாருங்கள். கிடைக்கும் ஆற்றலில் முன்னே போக எவ்வளவு, சுழல எவ்வளவு என்று பங்கு போடுங்கள். விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று ஊகித்து எழுதுங்கள். அதன் பிறகு சூத்திரத்தைத் தொடுங்கள். ஊகமும் விடையும் ஒத்துப் போகவில்லையா? ஊகத்தை ரப்பரால் அழித்துவிடாதீர்கள். அதன் பக்கத்திலேயே, எங்கே மாறிப் போனோம் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரிதான் நீங்கள் அன்று கற்றுக்கொண்ட பாடம்.

கடைசியாக, உங்களுக்கு ஒரு வேலை. மேசைப் பந்தாட்டம் ஆடும் பந்தும் உருண்டைதான். ஆனால், உள்ளே ஒன்றும் இல்லை. கோலி, பேட்டரி, வளையத்துடன் அதையும் சேர்த்து உருட்டினால் எத்தனையாவது இடத்தில் வரும்? விடையைப் பலகையிடமே கேளுங்கள். ஆனால் உருட்டுவதற்கு முன் ஊகத்தை எழுத மறக்காதீர்கள், சரியா?

அன்புடன்,
ஆசிரியர்