குழல்வாய்த் துப்பாக்கிக்குத் தனிப் பருவம் எதற்கு?

குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு அமெரிக்க மாநிலங்கள் பல தனி வேட்டைப் பருவம் ஒதுக்கியுள்ளன. ஒரே வெடி, கண்ணை மறைக்கும் புகை, ஏறத்தாழ 100 கஜ எல்லை என்னும் குறைகளே அச்சலுகையின் நியாயம். 1985இல் டோனி நைட் எம்கே-85 துப்பாக்கியை உருவாக்கிய பின், மருந்துக்கு நேர்பின்னே பற்றவைப்பை அமைக்கும் 'இன்லைன்' முறை பரவியது. குறைகள் ஒவ்வொன்றாக விலை கொடுத்து நீக்கப்பட்டன. இன்று தொலைநோக்கி பொருத்திய சில மாதிரிகள் 300 கஜத்துக்கு உரியனவாக விளம்பரமாகின்றன. விலை 1,000 டாலரைக் கடக்கிறது. தனியே செய்வித்தவை அதனினும் பன்மடங்கு. (பின்புறம் தோட்டா இடும் நல்ல ரைஃபிள் 1,000 டாலரில் பாதிக்கே கிடைக்கும் என்பது வேடிக்கை.)

மேலான கருவி மானைத் துடிக்கவிடாது என்பர் ஆதரவாளர். 100 கஜத்தில் அது மெய். அத்துல்லியத்தை 300 கஜத்தில் செலவிடுவோர்க்கு அவ்வாதம் உதவாது: கனத்த குண்டு அத்தொலைவில் வெகுவாகத் தாழும், காற்றில் விலகும், காயமுற்ற விலங்கு ஓடுகையில் வேட்டைக்காரர் மறுபடி மருந்து கெட்டித்துக்கொண்டிருப்பார்.

பென்சில்வேனியா கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய பருவத்தைச் சிக்கிமுக்கிக்கல் துப்பாக்கிக்கே விட்டுவைத்துள்ளது. கொலராடோ தன் குழல்வாய்ப் பருவத்தில் தொலைநோக்கியை அனுமதிப்பதில்லை. இவற்றைப் பழமைவாதம் எனத் தள்ளுவது எளிது. ஆயினும் சலுகைக்குரிய குறை எது என்று கேட்டு எழுதப்பட்ட விதிகள் இவையே. குழலின் எம்முனையில் மருந்து புகுகிறது என்பதை மட்டுமே பார்க்கும் மாநிலங்கள் தனிப் பருவத்தை நீக்கிவிடலாம். 300 கஜத்துக்காரர்கள் பொதுப் பருவத்திலேயே சுடட்டும்.