நாய் போனால் தெள்ளு போகாது

மருந்து ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டியாயிற்று. பவுடரும் தூவியாயிற்று. நான்கு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் காலையில் நாய் பின்காலைத் தூக்கி மறுபடியும் சொறிய ஆரம்பிக்கிறது. குழந்தையின் கணுக்காலில் சிவப்பாகத் தடிப்புகள். மும்பையிலோ கொல்கத்தாவிலோ ஃப்ளாட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு மழைக்காலத்தில் பழகிப்போன காட்சி இது. மூன்றாவது முறையும் இப்படி நடந்தால் வீட்டில் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்: “பேசாமல் நாயை எங்கேயாவது விட்டுவிட்டு வந்துவிடலாம்.”

இரக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு யோசித்தாலும் அது தவறான முடிவு. ஏனென்றால் தெள்ளுப்பூச்சிகளில் பெரும்பகுதி நாயின் மேல் இல்லை. உங்கள் வீட்டுத் தரையில் இருக்கிறது.

முதலில் எதிரி யார் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தோலைக் கவ்விக்கொண்டு, அசையாமல், மிளகு போல உப்பியிருந்தால் அது உண்ணி. தெள்ளு பக்கவாட்டில் தட்டையான பழுப்பு நிறப் பூச்சி; ரோமத்துக்குள் ஓடும், பிடிக்கப் போனால் துள்ளும். கண்ணில் படவில்லையா? வாலுக்கு மேலே முதுகுப் பகுதியைப் பேன் சீப்பால் வாருங்கள். உதிரும் கருப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் போடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது உங்கள் நாயின் செரித்த ரத்தம். கரையாவிட்டால் வெறும் அழுக்கு.

ரத்தம் குடித்த இரண்டொரு நாளில் பெண் தெள்ளு முட்டையிடத் தொடங்கும். ஒரு நாளைக்கு 40, 50 வரை. முட்டை ரோமத்தில் ஒட்டாது. நாய் போகிற இடமெல்லாம் உப்புத்தூள் போல உதிரும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து சோஃபா இடுக்கிலும் கட்டிலுக்கு அடியிலும் ஒளிந்துகொண்டு, உதிர்ந்த எச்சத்தையே தின்று வளரும். பிறகு கூடு கட்டிக்கொள்ளும். தூசு அப்பிய அந்தக் கூட்டுக்குள் இருப்பதைப் பூச்சிமருந்தால் எளிதில் தொட முடியாது. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் முட்டை பூச்சியாக மூன்று நான்கு வாரம் போதும். வீட்டிலுள்ள மொத்தக் கூட்டத்தில் நாயின் மேல் இருப்பது சுமார் 5 சதவீதம்தான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மீதி 95 சதவீதம் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரையில் இருக்கிறது. ஷாம்பூ கழுவியது அந்த 5 சதவீதத்தை.

கூட்டுக்குள் இருக்கும் பூச்சி மாதக்கணக்கில் காத்திருக்கக்கூடியது. காலடி அதிர்வும் உடல் சூடும் மூச்சுக்காற்றும் பட்டால் வெளியே வரும். விடுமுறைக்கு ஒரு மாதம் சொந்த ஊர் போய்விட்டு மும்பைக்குத் திரும்பும் குடும்பம், பூட்டைத் திறந்த சற்று நேரத்தில் காலைச் சொறிவது இதனால்தான். நாயை வெளியேற்றினாலும் இதுவே நடக்கும். தெள்ளு போகாது, அதற்குப் பிடித்த ஆகாரம் மட்டும் போய்விடும். மிச்சம் இருப்பது நீங்கள்.

மாறாக, சரியான மருந்து போட்ட நாய் வீட்டில் நடமாடினால், கூட்டிலிருந்து வரும் பூச்சி அதன் மேல்தான் ஏறும். ஏறியது முட்டையிடும் முன்பே சாகும். நாய்தான் உங்கள் பொறி.

அதற்கு மூன்று வேலைகள்.

ஒன்று, மருந்து. வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். கழுத்துக்குப் பின்னால் தோலில் விடும் சொட்டு மருந்துகளும் (ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் போன்றவை) 2014 முதல் வந்த மெல்லும் மாத்திரைகளும் இருக்கின்றன. எதைக் கொடுப்பது, எவ்வளவு என்பதை எடையும் வயதும் பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை வகையால் சில பிராணிகளுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018ல் எச்சரித்தது. உங்கள் நாய்க்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பால்குடிக் குட்டிகளுக்கு மருந்தைவிடப் பேன் சீப்பும் ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரும் மேல். குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் ரத்தசோகை. அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். தெள்ளு கடித்தே குட்டி சாவதுண்டு.

இரண்டு, வீடு. படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். சோஃபா மடிப்பு, கட்டிலடி, தரையும் சுவரும் சேரும் ஓரம் ஆகியவற்றைப் பெருக்கித் துடையுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. பையை உடனே கட்டி வெளியே எறியுங்கள். மொசைக், டைல்ஸ் தரை நமக்குச் சாதகம். ஜமுக்காளமும் கார்ப்பெட்டும் எதிரிக்குச் சாதகம்.

மூன்று, பொறுமை. மருந்து போட்ட பிறகும் சில வாரங்கள் புதிய பூச்சிகள் தென்படும். அவை முன்பே கூட்டுக்குள் இருந்தவை. மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து போடுவதில்தான் விபத்து நடக்கிறது.

நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கு ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள். நடுக்கம், வலிப்பு, சில சமயம் மரணம். மண்ணெண்ணெய், ஃபினாயில், அந்துருண்டை எதுவும் பிராணியின் உடம்பில் படக்கூடாது, நக்கியே விஷமாகிவிடும். பூண்டு கொடுத்தால் தெள்ளு ஓடும் என்பார்கள். பூண்டு நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். ஒரு காலத்தில் தாராளமாகத் தூவப்பட்ட பி.எச்.சி. பவுடருக்கு இந்தியாவில் 1997ல் தடை வந்துவிட்டது.

தெள்ளு என்றதும் 1994ல் சூரத்தைக் கலக்கிய பிளேக் சிலருக்கு நினைவு வரும். எலியின் தெள்ளு பிளேக்கைக் கடத்துகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் 1898ல் கராச்சியில் சோதனை செய்து காட்டினார். நாய், பூனை மேல் பெரும்பாலும் இருப்பது வேறு இனம். அதனால் வரும் வழக்கமான தொல்லைகள் தோல் ஒவ்வாமையும் நாடாப்புழுவும்தான். நாயின் ஆசனவாய் அருகே அரிசி போலத் துணுக்குகள் தெரிந்தால் பூச்சி மருந்தும் கேட்டு வாங்குங்கள்.

தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் மே மாத வறண்ட வெயிலில் புழுக்கள் காய்ந்து தொல்லை குறையும். முதல் மழையோடு திரும்பும். சென்னை, மும்பை, கொச்சிக்கு அந்த ஓய்வும் இல்லை.

காலண்டரில் குறைந்தது மூன்று மாதத்துக்கு மருந்துத் தேதிகளைக் குறித்து வையுங்கள். இரண்டாம் மாதத்தில் சொறிதல் நின்றிருக்கும். மூன்றாம் மாத மருந்து வீண் செலவு என்று தோன்றும். அந்த மருந்தை விட்டுவிடாதீர்கள். கட்டிலடிக் கூடுகளில் கடைசியாக இருப்பவை அதற்குத்தான் காத்திருக்கின்றன.